நான் கேட்டது ஒரு டாக்டர்

போடிநாயக்கனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். அவற்றில் இரண்டு எங்களுடையவை. ஒன்றைத் தம்பி ஓட்டுகிறான், மற்றொன்றை நான் ஓட்டுகிறேன். போன மாதம் ஒருநாள் காலையில், காய் எடுக்கப் போகும் பெண்கள் என் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தபோது, பக்கத்து ஜீப்பு டிரைவர் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“ஏக்கா, நீ ஆக்கி வெளயாடுனப்ப அள்ளு அள்ளுனு சம்பளம் கேட்டியாம்ல? கட்டுப்படியாகலன்னு விட்டுட்டாகளாம். ஒன் பழைய மேனேசரு பேட்டி குடுத்துருக்காரு பாரு.”

பார்த்தேன். சந்திரமௌலி சாரேதான். தலை நன்றாக நரைத்துவிட்டது. குரல் மட்டும் அப்படியே இருக்கிறது, தேன் தடவினாற்போல. “போடிப் பக்கத்துல இருந்து ஒரு கோல்கீப்பர் வந்தாங்க. நல்ல திறமை. ஆனா பணத்தாசை வந்துடுச்சு. எவ்வளவு ஏத்திக் குடுத்தும் பத்தல” என்கிறார். பேட்டி எடுக்கிறவர் வருத்தத்தோடு தலையாட்டுகிறார்.

போடியிலிருந்து தொழில்முறை ஹாக்கிக்குப் போன கோல்கீப்பர் நான் ஒருத்திதான். பெயரைச் சொல்லாமல் விட்டதில் எனக்கு என்ன லாபம்?

ஜீப்புக்குள் இருந்த ஒரு அம்மா எனக்குப் பரிந்துகொண்டு, “கேட்டா என்ன தப்பு? ஒழைக்கிறவ கேக்கத்தான செய்வா” என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. சம்பளம் கேட்பது தப்பில்லை, தாயே. ஆனால் நான் கேட்கவே இல்லை. ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கேட்கவில்லை. நான் கேட்டது வேறு. அதைத் தர மனமில்லாதவர் இன்று என்னைப் பணப்பேய் என்கிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் பாண்டீஸ்வரி. சொந்த ஊர் போடிக்கும் தேவாரத்துக்கும் நடுவில், மலையடிவாரத்தில். அப்பாவுக்குச் சோளமும் கடலையும் போடுகிற காடு. பள்ளிக்கூடத்தில் ஹாக்கிக்குப் பதினோராவது ஆள் குறைந்ததால் என்னைக் கோலில் நிறுத்தினார்கள். நெட்டையாக இருந்தது ஒன்றே தகுதி. அங்கிருந்து விளையாட்டு விடுதி, மாநில அணி, முகாம்கள் என்று போய், ஒரு பெருநகரக் கட்டுமான நிறுவனம் வாங்கியிருந்த லீக் அணியில் சம்பளத்துக்குச் சேர்ந்தேன். அதையெல்லாம் விரித்துச் சொல்லி நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. சொல்ல வேண்டியது பெனால்டி கார்னரைப் பற்றி. அது தெரியாவிட்டால் மீதி எதுவும் விளங்காது.

பெனால்டி கார்னர் என்றால், கோல் கோட்டில் கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான் தடுக்க நிற்கலாம். எதிரணியில் ஒருத்தி கோட்டிலிருந்து பந்தைத் தள்ளுவாள். கோலைச் சுற்றி வரைந்த வட்டத்துக்கு வெளியே ஒருத்தி அதை நிறுத்துவாள். இன்னொருத்தி அதை மட்டையில் இழுத்து, உடம்பையே வில்லாக வளைத்து வீசுவாள். பந்து கருங்கல் மாதிரி இருக்கும். அது தள்ளப்பட்ட கணத்தில் எங்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி கோட்டைவிட்டுக் கிளம்பி, வீசப்போகிறவளை நோக்கி நேராக ஓட வேண்டும். அவளுக்குப் பெயர் முதல் ரஷ்ஷர். பந்து வரும் வழியிலேயே தன் உடம்பைக் கொண்டுபோய் வைப்பதுதான் அவள் வேலை. கோலில் ஒரு பக்கத்தை அவள் அடைப்பாள், மறுபக்கம் கீப்பருடையது. அவளுக்கு முகக்கவசம், கையுறை, முழங்கால் காப்பு எல்லாம் உண்டு. ஆனால் அந்தக் கவசம் முகத்தைத்தான் மூடும். காதுக்கு மேலே வெறும் தலைமுடிதான்.

அவள் எப்போது ஓடுவாள்? கீப்பர் “போ!” என்று கத்தும்போது. அந்தச் சத்தம் என்னுடையது. அணியில் நான் இருந்த காலம் முழுக்க அந்தச் சத்தத்துக்கு ஓடியவள் சிந்து.

சிந்து போடிமெட்டுக்கு மேலே, ஒரு ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்து வரும். குட்டையான உடம்பு. கோட்டைவிட்டுக் கிளம்பினால் கண்ணுக்குத் தெரியாத வேகம். ஒருமுறை, “பயமா இல்லயாடி?” என்று கேட்டேன். “உண்டு. ஆனா நீ பின்னால நிக்கிற அல்லே” என்றாள். இரண்டு பேரும் ஒரே அறை, ஒரே தட்டு. ஊருக்கு வரும்போது மதுரையிலிருந்து ஒரே பஸ்ஸில் வருவோம். போடியில் நான் இறங்கிக்கொள்வேன், அவள் ஜீப்பு பிடித்து மேலே போவாள்.

சந்திரமௌலி சார் அணியின் மேலாளர். பயிற்சியாளர்கள் வருவார்கள், போவார்கள். அவர் மட்டும் முதலாளிக்கு நேர் அடுத்தபடியாக அசையாமல் இருந்தார். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. எல்லாரையும் “சாம்பியன்” என்றுதான் கூப்பிடுவார். யாரையாவது எதற்காவது சம்மதிக்க வைக்க வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு ஆரஞ்சை உரிப்பார். தோலை அறுந்துவிடாமல் ஒரே சுருளாக எடுப்பார். வெள்ளை நாரையெல்லாம் நீக்கி, முதல் சுளையை நம் கையில் வைப்பார். வாயில் சுளை இருக்கும்போது அவர் பேசுவார், நாம் தலையாட்டுவோம். சீனியர் ஒருத்தியைப் பாதி சீசனில் வீட்டுக்கு அனுப்பியதும் ஆரஞ்சு கொடுத்துத்தான். அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வருடம் அரையிறுதி ஆட்டம் வடக்கே ஒரு ஊரில், பட்டப்பகலில் நடந்தது. கடைசிப் பகுதியில் எங்களுக்கு எதிராக ஒரு பெனால்டி கார்னர். கத்தினேன். சிந்து ஓடினாள். பந்து அவள் இடது காதுக்கு மேலே பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. தேங்காயைக் கல்லில் போட்ட மாதிரி இருந்தது. விழுந்தாள், எழுந்தாள். கையைத் தூக்கிக் காட்டினாள். கூட்டம் கைதட்டியது. ஆட்டம் முடிய சிறிது நேரம்தான் இருந்தது. வென்றோம்.

உடைமாற்றும் அறையில் அவள் வாந்தி எடுத்தாள். என்னைப் பார்த்து, “பந்து உள்ள போச்சா?” என்றாள். “இல்லடி, ஒம்மேல பட்டு வெளிய போச்சு” என்றேன். தண்ணீர் குடித்தாள். மறுபடியும், “பந்து உள்ள போச்சா?” என்றாள்.

எங்கள் பிசியோதெரபிஸ்ட் மெர்லின் நாகர்கோவில் பக்கம். எடுத்ததைச் சரியாகச் செய்கிற பெண். சிந்துவைப் பெஞ்சில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். இது எந்த ஊர்? யாரோடு ஆடினோம்? கடைசிக் கோல் யார் போட்டது? ஒற்றைக்காலில் நில், கண்ணை மூடு. சிந்து பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெர்லின், “மாசத்தையெல்லாம் பின்னாலருந்து சொல்லு பாப்போம்” என்றாள்.

“பங்குனி, மாசி, தை, மார்கழி, கார்த்திகை…” என்று சொல்லிக்கொண்டே வந்தவள் ஐப்பசி வர வேண்டிய இடத்தில் நின்றாள். உதடு அசைந்தது, சொல் வரவில்லை. சிரித்தாள். மறுபடி, “கார்த்திகை” என்றாள்.

மெர்லின் எழுந்து சந்திரமௌலி சாரிடம் போனாள். நானும் கூடவே போனேன்.

“சார், இவ இறுதி ஆட்டம் ஆடக்கூடாது. ஸ்கேன் எடுக்கணும். மூளையில அடி. மறுபடி ஒண்ணு பட்டா என்ன ஆகும்னு சொல்ல முடியாது.”

“அடிபட்டதும் எழுந்து நின்னாளேம்மா. நீயே பார்த்த.”

“நின்னா சரியாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல சார்.”

“சார், ரெண்டாவது ரஷ்ஷர வச்சு நான் சமாளிச்சுக்கிறேன்” என்றேன். அவர் என் தோளைத் தட்டி, “நீ போய்த் தூங்கு சாம்பியன். முடிவெடுக்கறதை எங்ககிட்ட விடு” என்றார். மறுநாள் காலைச் சாப்பாட்டுக்கு மெர்லின் வரவில்லை. அவசர வேலையாக ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். உண்மையில் அவளைக் காரில் ஏற்றி ஸ்டேஷனில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அவளுக்குப் பதிலாக யாரோ ஒருவர் வந்து, சிந்துவின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, “ஓகே” என்றார். மாதங்களைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

சிந்துவுக்கு விளையாட விருப்பம்தானே என்று இன்றைக்கும் சிலர் கேட்கிறார்கள். ஆமாம், விருப்பம்தான். எந்த ஆட்டக்காரி இறுதி ஆட்டத்தில் உட்கார்ந்திருக்க விரும்புவாள்? அதனால்தானே வேண்டாம் என்று சொல்ல இன்னொருவர் வேண்டும்! கார்த்திகைக்கு முந்தின மாதம் எதுவென்று தெரியாதவளிடம் சம்மதம் கேட்டார்களாம், அவள் சரியென்றாளாம். இதையும் ஒரு நியாயம் என்று பேசுகிறார்கள்.

இறுதி ஆட்டத்துக்கு முன் பயிற்சியாளரிடம் மறுபடியும் சொன்னேன். அவர் சந்திரமௌலி சாரைப் பார்த்தார். சார் கண்ணை மூடித் திறந்தார். சிந்து கோட்டில் நின்றாள். முதல் பெனால்டி கார்னரில் கத்தினேன். ஒரு கணம் தாமதித்துக் கிளம்பினாள். வழக்கமாக அவள் வெட்டிப்போகும் கோட்டில் போகாமல் கோணலாக ஓடினாள். பந்து மார்பில் பட, மல்லாந்து விழுந்து பின்தலை தரையில் மோதியது. அப்புறம் ஸ்ட்ரெச்சர். அந்த ஆட்டத்தில் கோப்பை எங்களுக்கு வந்தது. மேடையில் சார் எல்லாருக்கும் மாலை போட்டார். சிந்து ஆஸ்பத்திரியில் வெளிச்சத்துக்குப் பயந்து போர்வையை முகத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு கிடந்தாள்.

அடுத்த சீசனுக்கு அவளுக்கு ஒப்பந்தம் இல்லை. ‘உடற்தகுதிக் குறைவு’ என்று பத்திரிகைக்குச் சொன்னார்கள். யார் குறைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கு நீட்டிப்பு வந்தது. அதைப் பேசி முடிக்கச் சந்திரமௌலி சாரே எங்கள் ஊருக்கு வந்தார். ஊரில் எங்கள் வீடு சின்னது. முன்னறையில் அப்பா, தம்பி, நான். உள்ளறையில் ஜன்னலை அடைத்துக்கொண்டு சிந்து படுத்திருந்தாள். தேனியில் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த களைப்பு. கொண்டை ஊசி வளைவுகளில் அவளால் உடனே மலையேற முடியாது, வாந்தி வரும். அவள் உள்ளே இருப்பது சாருக்குத் தெரியாது.

உட்கார்ந்தார். பையிலிருந்து ஆரஞ்சை எடுத்தார். உரித்து, முதல் சுளையை அப்பாவிடம் கொடுத்தார்.

“மூணு சீசன், சாம்பியன். கேப்டன் நீதான். லீக்ல எந்தக் கீப்பருக்கும் இந்தத் தொகை கிடையாது.” தொகையைச் சொன்னார். தம்பி என் கையைக் கிள்ளினான்.

“சார், எனக்கு ஒரு டாக்டர் வேணும்” என்றேன்.

“உனக்கு என்ன உடம்புக்கு?”

“எனக்கில்ல. நம்மகிட்டச் சம்பளம் வாங்காத ஒரு டாக்டர். தலையில அடிபட்டா, ஆடலாமா கூடாதான்னு அவருதான் சொல்லணும். அவரு கூடாதுன்னா நீங்க, நான், மொதலாளி யாரும் மாத்தக்கூடாது. அத ஒப்பந்தத்துல எழுதுங்க. சிந்துவுக்குப் பட்டது வேலையில பட்ட அடின்னு ஒத்துக்கிட்டு வைத்தியம் பாருங்க. இந்த ரெண்டும் போதும். சம்பளம் பழசே இருக்கட்டும்.”

அவர் அடுத்த சுளையின் நாரை நீக்கினார். பிறகு, “சரி, தொகையை இன்னும் கொஞ்சம் ஏத்திடலாம்” என்றார்.

என் காதில்தான் ஏதோ கோளாறோ என்று நினைத்தேன். “தொகை வேணாம் சார். டாக்டரு.”

“புரியுதும்மா. எங்க கம்பெனி கட்டுற அடுக்குமாடியில ஒரு வீடு. உன் பேர்லயே.”

“டாக்டரு சார்.”

“தம்பிக்கு ஆபீஸ்ல ஒரு வேலை.”

நான் டாக்டர் என்று சொல்லச் சொல்ல அவர் விலையை ஏற்றிக்கொண்டே போனார். ஒரு மனுஷி காசைத் தவிர வேறெதையாவது கேட்பாள் என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை. கடைசியில் அவருக்கே சலித்துப்போய்விட்டது. “பாரும்மா. வெளியாள் ஒருத்தரை உள்ள விட்டா அணி யார் கையில இருக்கும்? சிந்து விஷயத்தை ஒத்துக்கிட்டா நாளைக்கு ஆளாளுக்கு வந்து நிப்பாங்க. அவளும் நல்லாத்தானே இருக்கா? ஊர்ல ஓய்வெடுக்கறதா கேள்விப்பட்டேன்.”

உள்ளறைக் கதவு திறந்தது. சிந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். முன்னறை வெளிச்சத்துக்கு ஒரு கையால் கண்ணை மறைத்திருந்தாள்.

“சாரா? கொரலு கேட்டுச்சு” என்றாள்.

சார் எழுந்துவிட்டார். “சாம்பியன்! எப்படிம்மா இருக்க?”

“வெளிச்சம் பட்டா குத்துது சார். தலைவலி விட்டுவிட்டு வருது. மத்தபடி சாரமில்ல, பரவால்ல, பொறுத்துக்கிறேன்.”

அவர் ஒரு சுளையை நீட்டினார். சிந்து கையை நீட்டினாள். அவள் விரல்கள் சுளைக்குப் பக்கத்தில், வெறும் காற்றைப் பிடித்து மூடின. மறுபடியும் நீட்டினாள். அவரே அவள் உள்ளங்கையில் வைத்தார். வைத்துவிட்டு, தோலையெல்லாம் கூட்டி ஓரமாக வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “அப்போ கையெழுத்துப் போட்டுடலாமா?” என்றார்.

அவர் கொடூரமான மனிதர் என்றுகூடச் சொல்ல மாட்டேன். கொடூரமானவனுக்குக் கொஞ்சமாவது உறுத்தும், குரலாவது உயரும். இவருக்கு எதுவுமே நடக்கவில்லை. கண்ணெதிரே நின்றவள் அவருக்கு முடிந்துபோன கணக்கு. நான் முடிய வேண்டிய கணக்கு. அவ்வளவுதான்.

“இல்ல சார். கெளம்புங்க” என்றேன்.

“எவ்வளவுன்னு நீயே ஒரு நம்பர் சொல்லும்மா.”

“கெளம்புங்க சார்!” நான் மைதானத்தில் கத்துகிற குரல் வீட்டுக்குள் வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் மீதி ஆரஞ்சை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, வணக்கம் சொல்லி, கார் ஏறிப் போனார்.

என்னை முதலில் திட்டியவள் சிந்துதான். “நினக்கு பைத்தியமா? எனக்காக நீ எதுக்குடி கெடணும்? எனக்கு ஒன் பாவம் வேண்டா. போயி பேப்பர்ல ஒப்பு போடு. கார் தூரம் போயிருக்காது.”

“ஒனக்காக இல்லடி. நாளைக்கு அந்தக் கோட்டுல வேற ஒருத்தி நிப்பா. அவளப் பாத்து நான்தான ‘போ’ன்னு கத்தணும்? விழுந்தா நிறுத்துறதுக்கு ஒரு ஆளு இல்லாம நான் எப்படிக் கத்துவேன்?”

சிந்து கையிலிருந்த சுளையைச் சாப்பிடாமல் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அப்பா திட்டவில்லை. அதுதான் மோசம். “வருசா வருசம் யானை மிதிச்சுப் போட்ட வெள்ளாமையப் பாத்து எந்திரிச்சவன் நான். வீடு தேடி வந்தத வேண்டாம்னுட்டியே ஆத்தா” என்றார், அவ்வளவே. அதற்குப் பிறகு நெடுநாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் செய்தது சரிதான் என்று சாகும்வரை அவர் சொன்னதில்லை. அவரைக் குறைசொல்ல மாட்டேன். அவர் காட்டில் நின்று பார்த்தால் நான் செய்தது கிறுக்குத்தனம்தான்.

வேறு அணிகளுக்குப் போகலாம் என்று நினைத்தேன். இரண்டு இடங்களில் ஆசையாகப் பேசினார்கள். பிறகு போனையே எடுக்கவில்லை. ‘அந்தப் பொண்ணு பிரச்சினை பண்ணும்’ என்று யாரோ அன்பாக எடுத்துச் சொல்லியிருக்கிறார். யாரென்று எனக்குத் தெரியும். என் இடத்துக்கு எடுக்கப்பட்ட கீப்பர் எனக்குப் போன் செய்தாள். “அக்கா, நானும் டாக்டர் கேட்டேன். சிரிச்சாங்க. கையெழுத்துப் போட்டுட்டேன்க்கா, கோவிச்சுக்காதீங்க.” நான் ஏன் கோபிக்க வேண்டும்? கேட்டாளே, அதுவே பெரிசு. சில காலம் சின்னச் சின்னப் போட்டிகளில் ஆடினேன். அப்புறம் காப்புகளைக் கழற்றி வைத்துவிட்டு, தம்பியோடு ஜீப்பு ஓட்ட வந்துவிட்டேன். மெர்லின் சொந்த ஊரில் கிளினிக் வைத்திருக்கிறாள். இப்போதும் பேசுவோம்.

சிந்து மலையைவிட்டு அதிகம் இறங்குவதில்லை. ஏலக்காய் உலர்த்தி வைக்கும் தோட்டத்து ஸ்டோரில், காய்ந்த காயைத் தரம் பிரிக்கும் வேலை. அரையிருட்டில் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்பதால் கண் தாங்குகிறது. தலைவலி வரும் நாட்களில் வேலைக்குப் போக மாட்டாள். அந்த நாட்களுக்குக் கூலி கிடையாது.

இந்தக் கதை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். சில மாதங்களுக்கு முன் லீக்கில் புதிய விதி வந்ததாகச் செல்போனில் படித்தேன். தலையில் அடிபட்டால் வெளி டாக்டர் பார்த்து அனுமதித்தால்தான் ஆடலாம், அணி அதை மாற்ற முடியாது. நான் கேட்ட அதே விதி, ஏறக்குறைய அதே சொற்களில். எதனால் வந்தது? வெளிநாட்டிலிருந்து ஆட வந்த ஒருத்திக்கு மண்டையில் அடிபட்டிருக்கிறது. அவள் தரப்பில் வழக்குப் போடுவோம் என்று மிரட்டியிருக்கிறார்கள். உடனே டாக்டர் கிடைத்துவிட்டார். எங்கள் சிந்து விழுந்தபோது கிடைக்காத டாக்டர். விதியை வரவேற்றுப் பேசியவர்களில் சந்திரமௌலி சாரும் ஒருவர். வீராங்கனைகளின் நலன் எங்களுக்கு எப்போதுமே முக்கியம் என்றார்.

அன்றைக்கு மேலே லோடு இறக்கிவிட்டு நேராக ஸ்டோருக்குப் போனேன். சிந்து முறத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கோபம் அடங்காமல் எல்லாவற்றையும் கொட்டினேன். விதி, வழக்கு, வெளிநாட்டுக்காரி, சாரின் பேச்சு, எல்லாம். “ஒன் தலைக்கு மதிப்பில்ல, அவ தலைக்கு மட்டும் மதிப்பாடி?” என்று கத்தினேன். பக்கத்தில் இருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

சிந்து காயைத் தள்ளிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு தலையைத் தூக்கி, “அந்தப் புள்ளைக்கு இப்ப எப்பிடி இருக்கு?” என்றாள்.

ஜீப்புக்குத் திரும்பி வந்து, செல்போனில் அந்தச் செய்தியை மறுபடி முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். விதியைப் பற்றி இருந்தது. வழக்கைப் பற்றி இருந்தது. யார் யார் வரவேற்றார்கள் என்று இருந்தது. அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை.